குதிகால் சோதனை

மார்ச் 3

வீட்டு ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று என் வீட்டிலிருந்து நொண்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறும்போது, "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா தெரிவிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தெரிவிக்கிறேன்.

நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். என் வீட்டை வாங்க முன்வந்திருக்கிற பல் டாக்டர், வீடு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்க உங்களை அனுப்பினார். வந்தீர்கள். சுவரைத் தட்டினீர்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடினீர்கள். என் துணி அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தீர்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறினீர்கள். ஓட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே, ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருக்கிற இடம் அது. ஏணியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: "சார், குறுக்குக் கட்டை மேல மட்டும் கால வைங்க. நடுவுல இருக்கிறது வெறும் பலகை, தூசியத்தான் தாங்கும்." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அம்மா, குதிகாலால ஒரு தட்டு தட்டினாத்தான் பலகையோட உறுதி தெரியும். இது என் முறை."

தெரிந்துவிட்டது.

நீங்கள் மேலே தவழ்ந்து போன பிறகு நான் சாப்பாட்டு மேசைக்கு வந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு ஒரு முழம் தள்ளி, பழுப்புக் காலுறை போட்ட ஒரு கால் மேலிருந்து இறங்கி வந்தது. அதன் காலணி கழன்று பட்டாணியில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆளில்லாமல் கால் மட்டும் வந்தது இதுதான் முதல் தடவை. மேலேயிருந்து நீங்கள் "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றீர்கள். கீழே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

உங்களை இறக்கி, கழுவி, மருந்து வைத்துக் கட்டி அனுப்பினேன். என் கடமை முடிந்தது. உங்கள் கடமை சீலிங்கில் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பத்திரப் பதிவு. அதற்குள் அந்த ஓட்டையை அடைத்துக் கொடுங்கள். என் தங்கை ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறாள். பல வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு இப்போதுதான் பேசுகிறோம். அவளும் தனி, நானும் தனி. "வந்து என்கூட இருந்திடேன்க்கா" என்று அவளே கேட்டாள். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. ஒரு கால் அளவு ஓட்டைக்காக நான் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

உங்கள் வலது காலணி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சீலிங் வந்ததும் காலணி வரும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மார்ச் 6

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதிலுள்ள சில சொற்களை ஏற்க இயலாததற்கு வருந்துகிறேன்.

"ஓட்டை" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் அதைத் திறப்பு என்போம். அதை நான் உண்டாக்கியதாகவும் பொருள்படும்படி எழுதியிருக்கிறீர்கள். ஆய்வு என்றால் ஒரு பொருளைச் சோதிப்பது. சோதனையில் தேறுவதும் உண்டு, தோற்பதும் உண்டு. பலகை தோற்றது. அதற்கு நான் பொறுப்பாக முடியாது. பரீட்சையில் பிள்ளை தோற்றால் கேள்வித்தாளை யாரும் குற்றம் சொல்வதில்லை. மேலும் என் காலுறை பழுப்பு நிறம் அல்ல, சாம்பல் நிறம். தங்கள் பரணின் தூசியால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

தொழிலில் எனக்கு ஒரே கொள்கை. கண்ணால் கண்டதை எழுதுவேன், காணாததை எழுத மாட்டேன். யார் கேட்டாலும் ஒரு வரி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதனால்தான் இந்த ஊரில் என் அறிக்கையை எல்லோரும் நம்புகிறார்கள். அந்தக் கொள்கைப்படியே எழுதப்பட்ட அறிக்கை டாக்டருக்கு அனுப்பப்பட்டுவிட்டது.

காலணியை அலுவலக முகவரிக்கு அனுப்பிவைக்கவும். இடது மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

தாங்கள் போட்ட கட்டு உறுதியாக இருக்கிறது. அதில் நான் எந்தக் குறையும் காணவில்லை.

இப்படிக்கு,
ஆய்வாளர்


மார்ச் 9

திறப்பு விழா நடத்திய ஆய்வாளருக்கு,

உங்கள் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பல் டாக்டரும் அவர் மனைவியும் நேற்று வந்தார்கள். டாக்டர் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார். "அடைச்சிடலாம்மா. ஆனா உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்காம அடைக்கக் கூடாது" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அறிக்கையை என்னிடமும் கொடுத்தார்கள். படித்தேன். அப்படியே எழுதுகிறேன், நீங்களும் ஒரு தடவை படியுங்கள். "சாப்பாட்டு அறை: கூரையில் ஓர் ஆளின் கால் நுழையும் அளவுக்குத் திறப்பு உள்ளது. மேசையின் மீது சிவப்புக் கறை, புதியது. மேசையின் மீது காலணி ஒன்று, ஜோடி காணப்படவில்லை."

ஐயா, அது உங்கள் ரத்தம். அது உங்கள் காலணி. ஏதோ கொலை நடந்த வீட்டைப் பார்க்க வந்தவர் மாதிரி எழுதி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கே அடுக்குமா? டாக்டரின் மனைவி முகம் வெளிறிப்போய், "அம்மா, இந்த வீட்டுல சமீபத்துல ஏதாவது நடந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆய்வாளரின் கால்தான் என்று சொன்னேன். "அவரோட காலா இருந்தா அவரே எழுதியிருப்பாரேம்மா. அவர் எதையும் மறைக்க மாட்டார்னு ஊரே சொல்லுது" என்றாள். வேறொரு வீடும் பார்த்து வைத்திருக்கிறார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு சொல்வதாகப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் தங்கைக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, முதல்ல மழைன்ன. அப்புறம் குழாய் ரிப்பேர்ன்ன. இப்ப மேல இருந்து கால் வந்துச்சுங்கிற. வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு, ஏன் இப்படிக் கதை விடுற?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். அந்தச் சத்தம் எனக்குப் பழைய சத்தம். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒன்றும் கேட்காது.

வீடு விற்காமல் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இவளோடு பேச்சு நின்றால் மறுபடி ஆரம்பிக்க எங்கள் இரண்டு பேருக்கும் வயது இல்லை. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: ஓட்டை போட்டது நான்தான். அதைத் தங்கைக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறேன்.

வீட்டுக்காரி


மார்ச் 11

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தாங்கள் கேட்கும் வரியை எழுத இயலாத நிலையில் இருக்கிறேன்.

எங்கள் படிவத்தில் "நிலை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "காரணம்" என்று கட்டம் இல்லை. அதைவிட முக்கியமானது, என் கால் கீழே வந்ததை நான் பார்க்கவில்லை. நான் மேலே இருந்தேன். முட்டிக்குக் கீழே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. காணாததை எழுதினால் என் கொள்கை என்னாவது?

இதை எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே சரியாகப் படவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேலாளரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு என் அறிக்கையைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவன் சொல்லச் சொல்லக் கேட்காமல் சீலிங்கில் காலை விட்டான் என்று தெரிந்தால், அலுவலகத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? வீட்டில் ஏற்கெனவே நடக்க முடியவில்லை. நேற்று சாப்பிடும்போது என் மனைவி சீலிங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இதை நான் காதால் கேட்டேன்.

வேறொரு விஷயம். கட்டுக்குள் அரிக்கிறது. இது இயல்புதானா என்று தெரிவித்தால் நன்றி.

ஆய்வாளர்


மார்ச் 13

ஆய்வாளருக்கு,

அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தம். சொறியாதீர்கள். பென்சிலை உள்ளே விட்டுச் சொறிகிற ஆள் நீங்கள் என்று பார்த்தாலே தெரிகிறது, அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் படக் கூடாது. இறுகின காலணி போடக் கூடாது, செருப்பு போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வரும்போது ஒரு நல்ல பலகை, ஆணி, சுத்தியல் கொண்டுவாருங்கள். கால் என் பொறுப்பு, சீலிங் உங்கள் பொறுப்பு. டாக்டர் வீட்டார் மதியத்துக்குள் வருவார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே ஓட்டை இருக்கக் கூடாது, சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுங்கள்.

வராமல் இருந்து பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசியம்மா என்று பேர். பெரிய டாக்டர்களே என் வார்டுக்குள் மெதுவாகத்தான் நடப்பார்கள்.

வீட்டுக்காரி


மார்ச் 17

மதிப்பிற்குரிய நர்ஸம்மா அவர்களுக்கு,

நேற்று சொல்லிக்கொள்ளாமல் ஓடி வந்ததற்கு மன்னிக்கவும்.

சாப்பாட்டு அறை வேலை ஒழுங்காகவே முடிந்தது. தாங்களே கீழே நின்று பார்த்து, "பரவால்லியே, கை வேலை சுத்தமா இருக்கே" என்றீர்கள். வினையே அங்குதான் தொடங்கியது. இந்த இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. சந்தோஷத்தில், வந்தது வந்தோம், படுக்கையறைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று கட்டை மேலேயே தவழ்ந்து போனேன். கட்டை மேலேயே உட்கார்ந்தேன். அதுவரை எல்லாம் சரி. குதிகால் தானாக எழுந்தது. நான் தட்டவில்லை, அது தட்டியது. பழக்கம்.

டாக்டரும் அவர் மனைவியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள் என்பதும், தாங்கள் அப்போது அவர்களுக்குப் படுக்கையறையைத்தான் காட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. இந்த முறை இடது கால். டாக்டர் என் பெருவிரலைப் பிடித்து ஆட்டி, "வலிக்குதா? இங்க வலிக்குதா?" என்று கேட்டார். அவர் மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா வேறு ஏதாவதா என்று மேலிருந்து பார்க்க முடியவில்லை.

விற்பனையை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. தங்கள் தங்கைக்கு நான் போன் செய்து பேசட்டுமா? யாருடைய கால் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

வலது காலில் செருப்பும் இடது காலில் பழைய ஜோடியின் காலணியும் போட்டு வந்திருந்தேன். அதுவும் கழன்று விழுந்தது, ஓடிய வேகத்தில் தங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது தங்களிடம் ஜோடி சேர்ந்திருக்கும்.

ஆய்வாளர்


மார்ச் 18

தம்பி,

இனிமேல் உன்னை ஐயா, சார் என்று கூப்பிட என்னால் முடியாது. இரண்டு காலையும் தனித்தனியாகப் பார்த்தாகிவிட்டது.

அது அழுகை இல்லை. அந்தப் பெண் என் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா, அந்தச் சிவப்புக் கறை இதுதானா? ஜோடி இல்லாத காலணி இதுதானா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். "நீங்க சொன்னப்ப நம்பல. யாரு நம்புவா? இப்ப கண்ணால பாத்துட்டேன்" என்றாள். நான் வாயால் சொல்லி ஆகாததை நீ ஒரு காலால் சாதித்துவிட்டாய். வீட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் டாக்டர் ஒன்று சொன்னார். "நாங்க பாத்துட்டோம். கடன் குடுக்கிற பேங்க் பாக்கலையே. அந்த அறிக்கைய அவர் திருத்தித் தரணும்." ஆகவே எங்கே தொடங்கினோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

உன் கொள்கையைப் பற்றி யோசித்தேன். போன தடவை நீ பார்க்கவில்லை, சரி. இந்தத் தடவை பலகை பெரிதாகவே பெயர்ந்தது. நான் கீழேயிருந்து, "தம்பி, குனிஞ்சு பாரு, உன் கால் தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுதும்மா" என்று நீயே சொன்னாய். சாட்சிக்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

உன் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. மேலாளரிடம் தலை குனிந்து நிற்பது கஷ்டம்தான். கட்டாயப்படுத்த மாட்டேன். தங்கைக்கு நீ போன் செய்ய வேண்டாம், அது என் வேலை. சனிக்கிழமை வந்து படுக்கையறைச் சீலிங்கை மட்டும் அடைத்துக் கொடு. குதிகாலை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

ஊசியம்மா


மார்ச் 23

அக்காவுக்கு,

திருத்திய அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். முக்கியமான பகுதி இது: "இரண்டு அறைகளின் கூரைத் திறப்புகளுக்கும் காரணம், இதை எழுதும் ஆய்வாளர். வீட்டுக்காரர் முன்பே எச்சரித்தார். ஆய்வாளர் கேட்கவில்லை. சிவப்புக் கறை ஆய்வாளருடையது. காலணியும் ஆய்வாளருடையது. வீட்டில் குறை இல்லை." காரணத்துக்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மேலாளர் நின்றுகொண்டே படிக்கத் தொடங்கினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். மறு உத்தரவு வரும் வரை நான் எந்தப் பரணிலும் ஏறக் கூடாதாம். இனி எனக்கு ஈரச் சுவரும் சாக்கடையும்தான். அலுவலகத்தில் எனக்குப் பேரும் வைத்தாயிற்று, அதை எழுத விருப்பமில்லை. அறிக்கையின் நகலை மனைவியிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

இன்னும் ஒன்று, எந்த அறிக்கையிலும் எழுத முடியாதது. நேற்று வேலை செய்யும்போது ஏணியின் உச்சியிலிருந்து தங்கள் கூடம் முழுவதும் தெரிந்தது. பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எல்லாப் பெட்டியையும் சுற்றிக் கயிறு ஓடுகிறது. ஒன்றில்கூட முடிச்சு இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பெட்டியிலிருந்து டம்ளரை எடுத்தீர்கள். குடித்து முடித்ததும் கழுவினீர்கள். பெட்டியில் வைக்கவில்லை, பழையபடி அலமாரியில் வைத்தீர்கள். படுக்கையறையில் திரைச்சீலை இன்னும் தொங்குகிறது.

கண்டதை எழுதினேன். காரணம் எழுதவில்லை, அது தங்கள் கட்டம்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

முகவரியைப் பார். என் தங்கை வீடு.

உன் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அலமாரிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்த அன்றைக்கே உன்னைத் துரத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு வெகு நேரம் யோசித்தேன். நீ கட்டம் விட்டு வைத்திருக்கிறாய், நிரப்பிவிடுகிறேன். காரணம்: பயம். நாங்கள் சேர்ந்தால் மூன்றாம் நாளே சண்டை போடுகிற ரகம். சண்டை வந்தால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கட்டும் என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். உன் கால் சீலிங்கிலிருந்து இறங்கி வந்தபோது, பட்டாணித் தட்டைத் தள்ளி வைப்பதற்குள், அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. நர்ஸாக இருந்தவள் ரத்தத்தைப் பார்த்து நிம்மதிப்படலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தேன். எல்லாப் பெட்டிக்கும் இரட்டை முடிச்சுப் போட்டேன். பதிவு நல்லபடியாக முடிந்தது. டாக்டரின் மனைவி நீ வைத்த இரண்டு பலகைக்கும் வர்ணம் அடிக்கப் போவதில்லையாம், வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம்.

உன் காலணி இரண்டையும் துடைத்து, மெருகு போட்டு, இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். இங்கேயும் ஒரு பரண் இருக்கிறது. நீ பார்க்க வர வேண்டாம், வந்தால் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா, அவளிடம் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

ஸ்டேஷனுக்குத் தங்கை வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பெட்டிகளைத்தான் எண்ணினாள். எண்ணி முடித்ததும், "நிஜமாவே கால் வந்துச்சாக்கா?" என்றாள். உன் அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். ரயிலடியிலேயே நின்று படித்துவிட்டு, முன்னால் நடந்தாள். முதுகு குலுங்கியது. வீட்டுக்கு வந்து முதல் பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்தாள். நகம் வலிக்க இழுத்தும் முடிச்சு அசையவில்லை. கத்தி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்க்கா, மெதுவா பிரிச்சுக்கலாம். நீ எங்க போகப் போற?" என்றாள்.

நேற்று ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று பெரிய சண்டை வந்தது. நான் சொன்னதை அவள் கேட்கவில்லை, அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பிப் போக எனக்கு வேறு வீடு இல்லை. பசி வந்ததும் எழுந்து போய் இரண்டு தட்டு வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.

அக்கா